எழுதுவது மட்டும்தான் என் வேலை

ஏப்ரலும் நவம்பரும் வந்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான செய்திகள் வந்து விழும். "அவசரம். நாளை காலை 10 மணி. பி.ஏ. வரலாறு, தமிழ் மீடியம். வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் முடியாது என்றுவிட்டார். ஸ்கிரைப் தேவை." கூடவே ஒரு கும்பிடும் கை. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் எழுதிக்கொடுக்கப் போகிறவர்களின் குழு அது, நானும் சில வருடங்களாக அதில் இருக்கிறேன். செய்தி வருவது பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல். அந்த நேரத்தில் அந்தப் பையனோ பெண்ணோ படித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, தேர்வு எங்கே, என்ன தாள், எத்தனை மணி நேரம் என்று முதலிலிருந்து விளக்கி, கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். இதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டால் சேவை, தொண்டு என்ற பெரிய வார்த்தையெல்லாம் வாயில் வராது. ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்தத் திண்டாட்டம் இவ்வளவு இல்லை. தமிழ்நாட்டில் தேர்வுத்துறையே 'சொல்வதை எழுதுபவர்' என்று ஓர் ஆசிரியரைப் போட்டுவிடும், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கும். பிள்ளை கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பம். நல்ல ஏற்பாடு உள்ள கல்லூரிகளும் இருக்கின்றன, ஆனால் பல இடங்களில் ஆளைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு மாணவர் தலையிலேயே விழுகிறது. செமஸ்டருக்கு ஐந்தாறு தாள், ஆறு செமஸ்டர், நடுவில் இன்டர்னல், அரியர் இருந்தால் அது வேறு. ஒரு டிகிரி முடிப்பதற்குள் முப்பது தடவைக்கு மேல், முன்பின் தெரியாத ஒருவரின் கையை நம்பி உட்கார வேண்டும். தேர்வெல்லாம் வேலைநாளில்தான் நடக்கும் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டால்தான் வர முடியும். கல்லூரி மாணவர்கள் வரலாம் என்றால் அவர்களுக்கும் அதே வாரத்தில் தேர்வு.

விதிகள் காகிதத்தில் நன்றாகவே இருக்கின்றன. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை எடுத்துப் படித்தால், எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று புரியும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது இருபது நிமிடம் ஈடு நேரம் தர வேண்டும், அதாவது மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். எழுதப் போகிறவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்தித்து, இவர் நமக்குச் சரிப்பட்டு வருவாரா என்று பார்த்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். விருப்பப்பட்டால் பிரெய்லில் எழுதலாம், கணினியில் எழுதலாம், விடைகளைப் பேசிப் பதிவு செய்துகூடக் கொடுக்கலாம். இவ்வளவும் அதில் இருந்தது. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், இரண்டு நாள் முன்பு என்பது ஒன்பதரை மணிக்குக் கல்லூரி வாசலில் டீக்கடைப் பக்கம் "நீங்கதான் எழுத வந்த அக்காவா?" என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ஆளைப் பிடித்தால் போதும் என்று இருப்பவர் எங்கே போய் அவரைச் சோதித்துப் பார்ப்பது?

அதே நெறிமுறையில் இன்னொரு விதியும் இருந்தது: தேர்வரே ஆளைக் கூட்டிவந்தால், அந்த ஆள் தேர்வரை விட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும். ஏன் என்று புரிகிறது, இல்லாவிட்டால் பேராசிரியரைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவார்கள். கல்லூரித் தேர்வுகளில் இடத்துக்கு இடம் நடைமுறை மாறும், வேறு பாடம் படித்தவராக இருந்தால் சரி என்று விட்டுவிடும் இடங்கள்தான் எனக்கு அதிகம் அமைந்தன. வங்கித் தேர்வு, அரசு வேலைத் தேர்வு என்றால் கறார். நான் எம்.காம். இருபது வயதில் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்த படிப்பு, நாற்பது வயதில் இந்த ஒரு விஷயத்துக்குத் தகுதிக் குறைவு ஆகிவிட்டது. அதனால் அந்தத் தேர்வுகளுக்கு என் பங்கு ஆள் பிடிப்பதோடு சரி. எங்கள் அபார்ட்மென்ட்டில் பி.எஸ்சி., பி.காம். படிக்கும் பிள்ளைகள் என்னை லிஃப்டில் பார்த்தால் படியில் இறங்கிப் போகிற அளவுக்கு அந்த வேலையை நன்றாகவே செய்கிறேன்.

சரி, உள்ளே போனால் என்ன வேலை? கேள்வியைப் படிக்க வேண்டும், அவர் சொல்வதை எழுத வேண்டும். கேட்டால் ஒன்றுமில்லாத வேலை. முதலில் படிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால் நான்கையும் ஒரே குரலில் படிக்க வேண்டும். விடை தெரிந்தவர் படித்தால், சரியான விடை வரும்போது குரல் தானாக ஓர் இம்மி அழுந்தும், அல்லது அதற்கு முன் ஒரு நொடி நிற்கும். நமக்கெல்லாம் அது கண்ணிலும் படாது காதிலும் படாது, காதாலேயே படித்து வளர்ந்தவர்களுக்கு அது தப்பாது. ஒரு பெண் அறைக்குள் போவதற்கு முன்பே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அக்கா, ஆப்ஷன் எல்லாத்தையும் ஒரே மாதிரி படிங்க. போன தடவை வந்த சார் விடை தெரிஞ்சா குரலை ஏத்திடுவாரு. அவரு ஏத்தினதுல பாதி தப்பு."

அடுத்து, எழுதுவது. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் முழு பாரமும் இங்கேதான் இருக்கிறது. அவர் சொல்வது தவறு என்று நமக்குத் தெரிந்தாலும் அப்படியே எழுத வேண்டும். சைமன் கமிஷன் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி. அந்தத் தம்பி அருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தான், குழுவில் ஓர் இந்தியர்கூட இல்லை, எங்கு போனாலும் கறுப்புக் கொடி, லாகூரில் லாலா லஜபதி ராய் மீது தடியடி என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் "1927-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாய் வந்து இறங்கியது" என்றான். குழுவை அமைத்ததுதான் 1927 நவம்பரில், வந்து இறங்கியது 1928 பிப்ரவரியில். பேனா ஒரு கணம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. வாயைத் திறக்கக் கூடாது. "என்ன?" என்று திரும்பக் கேட்பதுகூடக் கூடாது, ஏனென்றால் சரியாகச் சொன்ன இடங்களில் நான் அப்படிக் கேட்கவில்லை, இப்போது மட்டும் கேட்டால் அதுவே விடையைச் சொல்லிக்கொடுத்த மாதிரிதான். 1927 என்று எழுதினேன். கடைசியில் முழுவதையும் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னான், படித்தேன், அதே குரலில் அந்த 1927-ஐயும் தாண்டிப் போனேன். அவன் கவனிக்கவில்லை.

சொல்லியிருக்கலாமே, ஒரு மார்க்தானே, பாவம் பார்வையற்ற பையன் என்று நினைப்பவர்கள் உண்டு. என் மாமியாரே அப்படித்தான் சொன்னார். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை, நேர்மை நியாயம் என்பதற்காக மட்டும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல மனிதர்தான், இப்படித்தான் ஒரு தேர்வில் இரக்கப்பட்டுத் திருத்திக் கொடுத்திருக்கிறார். காங்கிரஸ் முழு சுதந்திரத் தீர்மானம் போட்ட ஆண்டு 1929 என்று அந்தப் பெண் சொல்ல, இவர் தனக்குத்தான் தெரியும் என்று கேட்காமலேயே 1930 என்று எழுதிவிட்டார். அந்தத் தீர்மானம் போட்ட லாகூர் மாநாடு 1929 டிசம்பரில் நடந்தது. 1930 ஜனவரி 26-ஐ சுதந்திர நாளாகக் கொண்டாடியதை அவர் மனதில் வைத்திருந்தார். அந்தப் பெண் சரியாகச் சொன்னதைத் தப்பாக்கியது அவருடைய இரக்கம். அவரே இதைப் பெருமையாக "சின்னதா ஒரு ஹெல்ப் பண்ணினேன்" என்று டீ குடித்துக்கொண்டே சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது, தெரியவும் வழியில்லை. அதுதான் எனக்குப் பயங்கரமாகப் படுகிறது. தன் பெயரில் இருக்கும் விடைத்தாளில் தான் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கவே முடியாது.

இதெல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிற விஷயம். கலங்கலான இடங்களும் இருக்கின்றன. தமிழ் மீடியத்தில் எழுதுபவர்களில் சிலர் அப்படியே பேச்சு வழக்கில் சொல்வார்கள்: "அவரு வந்து வரியை ஏத்திட்டாரு, சனங்க ஒத்துக்கல." இதை "அவர் வரியை உயர்த்தினார், மக்கள் ஏற்கவில்லை" என்று எழுதலாமா? எழுதினால் அது என் நடை. எழுதாவிட்டால் திருத்துகிறவர் மதிப்பெண்ணைக் குறைப்பார், அந்த மாணவரே கையால் எழுதியிருந்தால் நிச்சயம் எழுத்து நடையில்தான் எழுதியிருப்பார். எழுத்துப்பிழை இன்னும் சிக்கல். பிரெய்ல் படித்து வளர்ந்தவருக்கு ல, ள, ழ மூன்றும் விரலில் தனித்தனி. ஆனால் வாய்ஸ் ரெக்கார்டிங் கேட்டே டிகிரி வரை வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சொல்லின் எழுத்து எப்படி இருக்கும் என்பது காதில் விழுந்த அளவுக்குத்தான் தெரியும். நான் எழுதிக்கொடுத்த விடைத்தாளில் ஒற்றுப்பிழை இல்லை என்றால் அது யாருடைய தமிழ்? இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே வழி, போகும்போதே கேட்டுவிடுவது. "நீங்க சொல்றதை அப்படியே போடணுமா, எழுத்துத் தமிழ்ல போடணுமா?" என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் தெளிவான அபிப்பிராயம் இருக்கும். தமிழ் இலக்கியம் படித்த ஒருவர், எங்கே ஒற்று மிகும் எங்கே மிகாது என்பது வரை சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். சங்கப் பாடல் ஒன்றைச் சீர் பிரித்து அவர் சொன்ன அழகில், எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

இதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று ஆபீஸில் கேட்பார்கள். லீவு போகிறது, நான்கு மணி நேரம் எழுதினால் மறுநாள் கட்டைவிரல் மடங்காது, ஏப்ரல் வெயிலில் மின்விசிறி இல்லாத ஏதோ ஒரு லேப் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள், ஈடு நேரம் ஆரம்பித்ததும் கண்காணிப்பாளர் நம்மைப் பார்க்கிற பார்வை வேறு. பதிலுக்குப் புண்ணியம் என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும், பேச்சும் முடிந்துவிடும். ஆனால் உண்மையான பதில் அது இல்லை.

பி.காம். தேர்வு ஒன்றைச் சொல்கிறேன். இறுதிக் கணக்குகள் தயாரிக்கும் கேள்வி. இருப்பாய்வு, அதாவது டிரையல் பேலன்ஸ் கொடுத்திருப்பார்கள், கீழே ஏழெட்டு சரிக்கட்டல்கள் (அட்ஜஸ்ட்மென்ட்). என் பிழைப்பே இதுதான், தணிக்கை அலுவலகத்தில் நாள் முழுக்க எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிற வேலை. கேள்வியை இரண்டு முறை படித்தேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் விரல்களை மேசையில் தட்டிக்கொண்டிருந்தான், அப்புறம் ஆரம்பித்தான். "பற்றுப் பக்கம் போடுங்க அக்கா. ஆரம்பச் சரக்கு..." என்று வரி வரியாக, பக்கம் பக்கமாக. நடுவில் "முன்னாடி கூலி சொன்னேன்ல, அதோட கொடுபட வேண்டியதைச் சேர்த்துடுங்க, இப்ப என்ன வருது? நான் சொல்றேன் பாருங்க" என்று கூட்டுத்தொகையை அவனே சொன்னான். இரண்டு பக்கத்து எண்களும் அவன் தலைக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. கடைசியில் ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட், இரண்டு பக்கமும் சமமாக வந்தது. எனக்குப் பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தும் அவன் வேகத்துக்கு என்னால் கூட்டிப் பார்க்க முடியவில்லை. இப்படி ஒரு மூளை வேலை செய்வதை முக்கால் அடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு வேறு எங்கே இடம் தருவார்கள்?

இன்னொன்றும் உண்டு. நான் வீட்டிலும் சரி வெளியிலும் சரி, யாராவது ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடித்து வைக்கிற ரகம். கணவர் சொல்லும் ஜோக்கின் கடைசி வரியை நான் சொல்லிவிடுவேன். அந்த அறையில் நான்கு மணி நேரம், ஒருவர் பாதியில் நிறுத்தி யோசிக்கும்போது, அடுத்த சொல் எனக்குத் தெரிந்திருந்தும், காத்திருந்துதான் ஆக வேண்டும். அவர் தேடுகிறார், பேனா நிற்கிறது, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. சில சமயம் நான் நினைத்த சொல் வராமல் அதை விட நல்ல சொல் வரும். இந்தக் காத்திருப்பு பழகப் பழக வீட்டிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்று நான் நம்புகிறேன், வீட்டில் உள்ளவர்கள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

நன்றியை எதிர்பார்த்துப் போகாதீர்கள் என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். முகத்துக்கு நேரே நன்றி சொல்லாதவர் யாருமில்லை, வற்புறுத்தி டீயும் வடையும் வாங்கித் தருவார்கள், அதை மறுக்கவும் கூடாது. எல்லாவற்றையும் நாம்தான் கொடுப்போம், நீ ஒன்றும் தர வேண்டாம் என்பதில் ஒரு திமிர் இருக்கிறது. நான் சொல்வது அதற்குப் பிறகு. ரிசல்ட் வந்தால் போன் வரும், வேலை கிடைத்தால் நம்மை ஞாபகம் வைத்துச் சொல்வார்கள் என்று சிலர் காத்திருந்து, வராதபோது மனம் நொந்துபோகிறார்கள். அவர்களுடைய பக்கத்திலிருந்து பாருங்கள். முப்பது தேர்வுக்கு இருபது பேர் வந்து எழுதியிருப்பார்கள், நாம் அதில் ஒரு குரல். நீங்கள் பி.யூ.சி.யோ பிளஸ் டூவோ எழுதிய பேனா எது என்று ஞாபகம் இருக்கிறதா?

கல்லூரிப் பிள்ளைகள் பலர் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மணிக்கணக்குக்காக வருகிறார்கள். 1969-இல் தொடங்கிய திட்டம், வருடத்துக்கு 120 மணி நேரம் என்ற கணக்கில் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் முடித்தாக வேண்டும், மரம் நடுவதும் பேரணி போவதும் போக இதையும் அதில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன. சர்டிபிகேட்டுக்காக வருகிறார்கள், மனசார வருவதில்லை என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. பத்து மணி தேர்வுக்கு ஒன்பதே காலுக்கு வந்து நிற்கிற பிள்ளை எதற்காக வந்தால் என்ன? மனசு நிறைய இரக்கத்தோடு ஒப்புக்கொண்டுவிட்டு, முந்தின நாள் இரவு "சாரி, உடம்பு சரியில்லை" என்று செய்தி போடுகிறவரை விட அந்தப் பிள்ளை ஆயிரம் மடங்கு மேல்.

தேர்வறை வாசலில் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்பேன். ஒன்று சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின், 2015-இல் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போன முதல் முழுப் பார்வையற்ற அதிகாரி. இன்னொன்று மதுரை பூரண சுந்தரி, 2019 குடிமைப் பணித் தேர்வில் அகில இந்திய அளவில் 286-ஆவது இடம். மாணவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லும்போது குரலே மாறும், அது எனக்கும் பிடிக்கும். பார்வையுள்ளவர்கள் இதே பெயர்களைச் சொல்லும்போதுதான் எனக்குச் சுருக்கென்று இருக்கும், "அவங்களால முடிஞ்சிருக்கே, மனசு வச்சா எல்லாம் முடியும்" என்பதற்கு அர்த்தம், ஸ்கிரைப் ஏற்பாடு செய்வது எங்கள் வேலை இல்லை என்பதுதான். மனசு வைத்தால் பேனா பிடிக்க ஆள் வந்துவிடுமா?

சட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனாலும் நகர்கிறது. விகாஷ் குமார் என்ற மருத்துவப் பட்டதாரிக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டார், அவருடைய குறைபாடு சட்டம் நிர்ணயித்த நாற்பது சதவீத அளவை எட்டவில்லை என்று மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், ஸ்கிரைப் தருவதற்கு அந்த நாற்பது சதவீதம் நிபந்தனையாக இருக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்படியென்றால் இனி இன்னும் அதிகம் பேருக்கு ஆள் வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களை நம்பியே இதை ஓட்ட முடியாது என்பதற்கு இது ஒன்று போதும்.

என் ஆசையைக் கேட்டால், எனக்கு இந்த வேலையே இல்லாமல் போக வேண்டும். என்விடிஏ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாங்களே பார்வையற்றவர்களான இரண்டு பேர் 2006-இல் தொடங்கியது, இலவசம். கேள்வித்தாளை அதற்கேற்ற கோப்பாகக் கொடுத்து, ஒரு கணினியும் ஹெட்போனும் கொடுத்தால் தட்டச்சு தெரிந்த மாணவர் தானே எழுதிவிட்டுப் போவார். யார் குரல் ஏறுகிறது, யார் 1929-ஐ 1930 ஆக்குகிறார் என்ற கவலை இல்லை. அப்படி எழுதிப் பழகிய ஒரு மாணவி என்னிடம் "அக்கா, தப்பா வருமோன்னு பயந்து பயந்து நானே அடிச்சேன், தப்பும் வந்துச்சு, ஆனா அது என் தப்பு" என்று சொன்னாள், சிரித்துக்கொண்டே. எல்லாக் கல்லூரிகளும் அந்த இடத்துக்கு வர இன்னும் எத்தனை செமஸ்டரோ. கணக்குத் தாள்களுக்கும் படம் போடும் தாள்களுக்கும் அதிலும் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அதுவரைக்கும் கை வேண்டும்.

வருகிற ஏப்ரலுக்கு இப்போதே பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் பக்கத்துக் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பொறுப்பாசிரியர் என்று ஒருவர் இருப்பார், நேரில் போய்ப் பெயரைக் கொடுத்தால் போதும். அடையாள அட்டை நகலும் உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். எழுதப் போகிற மாணவரிடம் இரண்டு நாள் முன்பு போனிலாவது பத்து நிமிடம் பேசிவிடுங்கள், உங்கள் குரல் அவருக்குப் பழகும். தண்ணீர் பாட்டில், ஒரே மாதிரியான நான்கு பேனா. கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை, திருத்துகிறவருக்குப் புரிந்தால் சரி. முடியாது என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள், முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குச் சொல்லாதீர்கள்.